தற்குறி என்பவன் யார்?

காலை ஷிப்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்று கேட்டால், ஒரே சமயத்தில் மூன்று நான்கு பாஷைகள் காதில் விழும். சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் ஊர் இது. ஆரம்பாக்கத்தைத் தாண்டிவிட்டால் தடா வந்துவிடும்; அங்கே கடைப் பலகைகள் எல்லாம் தெலுங்கு. உள்ளூர்க்காரர்களிலேயே வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிறவர்கள் ஏராளம். சிப்காட் தொழிற்பேட்டையும், அதில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் வந்த பிறகு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் தங்கள் தங்கள் மொழியையும் மூட்டையோடு கொண்டுவந்து இறக்கினார்கள்.

மொழிகள் பல, பழக்கவழக்கங்கள் பல. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தமிழ் மேஸ்திரி, தம் ஆட்களில் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது, "அவனுக்கு என்ன தெரியும்? கைநாட்டு!" என்பார். பக்கத்தில் நிற்கும் ஹிந்திக்காரரும் தம் ஊர்க்காரன் ஒருவனை அதே தொனியில், "அங்கூட்டா சாப்" என்பார். அங்கூட்டா என்றால் பெருவிரல். சாப் என்றால் முத்திரை. தெலுங்குக்காரரைக் கேட்டால் அவரிடமும் ஒரு சொல் தயாராக இருக்கிறது: "வேலிமுத்ர." அதுவும் விரல் முத்திரைதான்! ஒன்றும் தெரியாதவன் என்று ஒரு மனிதனை ஒதுக்கித் தள்ளுவதற்கு மூன்று மொழிகளும் அவனுடைய பெருவிரலையே பிடித்துக்கொண்டன என்பது வேடிக்கைதான்.

வேடிக்கை என்று அதை விட்டுவிடுவதற்கும் இல்லை. யாரை எதற்காக அப்படி அழைக்கிறோம் என்று சற்று நின்று பார்த்தால், அந்தச் சொற்களுக்கு அடியில் வேறு பல சங்கதிகள் புதைந்து கிடப்பது தெரியவரும்.

வசவுக்குக் குறைவில்லை

விஷயம் தெரிந்தவனைப் புகழ்வதற்குத் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. அறிஞன், புலவன், கற்றவன், பழம் தின்று கொட்டை போட்டவன் என்று சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் அவனுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவனைக் குறிக்கும் சொற்களை எண்ண ஆரம்பித்தால் விரல்கள் போதா. மூடன், மடையன், முட்டாள், அசடு, மட்டி, மக்கு, மண்டு, தத்தி, பேதை, பாமரன், ஞானசூனியம், மண்டூகம் என்று அணிவகுத்து வருகின்றன. இன்னும் கொஞ்சம் கோபம் வந்தால் மக்கு என்பது மக்குச் சாம்பிராணி ஆகிவிடும். நல்ல வாசனைப் பண்டமாகிய சாம்பிராணி இந்த வசவுக்குள் எப்படி அகப்பட்டுக்கொண்டது என்று கேட்டால், அந்த வசவை ஏவுகிறவர்களுக்கே தெரியாது!

படித்தவர்கள் வீடுகளில் ஒரு காலத்தில் 'நிரட்சரகுட்சி' என்று ஒரு சொல் வழங்கியது. கேட்பதற்கு ஏதோ பட்டம் போல இருக்கும். வயிற்றில் ஓர் எழுத்துக்கூட இல்லாதவன் என்று பொருள். எழுத்து வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்று யார் தீர்மானித்தார்களோ! கிராமத்தார் அதையே இன்னும் அழகாக, "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்" என்று சொல்லிவிட்டார்கள்.

மண்டூகத்தின் கதையும் சுவையானதே. கிணற்றுத் தவளையை வடமொழியில் கூபமண்டூகம் என்பார்கள். கூபம் என்றால் கிணறு. மண்டூகம் என்றால் தவளை. கணக்குத் தப்பாகப் போட்ட பையனைத் திட்டுகிற அவசரத்தில் நம் பெரியவர்கள் கிணற்றை விட்டுவிட்டுத் தவளையை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு பிசகு நேர்ந்துவிட்டது. பழைய கதையில் தவளையின் அறியாமைக்குக் காரணம் அதைச் சுற்றி எழுந்திருந்த கிணற்றுச் சுவர். கிணற்றை எடுத்துவிட்டால் பழி முழுதும் தவளையின் தலையில் அல்லவா விடிகிறது?

மடையன் என்பவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தமிழில் மடை என்பதற்குச் சமையல் என்ற பொருள் உண்டு. கோயில் சமையல் கட்டை இன்றைக்கும் மடைப்பள்ளி என்கிறோம். அந்த வழியில் மடையன் என்றால் சமையற்காரன். அறிவில்லாதவனைக் குறிக்கும் மடையன் என்ற சொல் மடமை என்பதை ஒட்டியது. இரண்டும் எப்படியோ ஒரே உருவில் வந்து நிற்பதால், சமையல் தெரிந்தவனும் ஒன்றும் தெரியாதவனும் அகராதியில் அடுத்தடுத்து உட்கார வேண்டியதாகிவிட்டது.

வெகுளி என்ற சொல் அடியோடு தலைகீழாகிவிட்டது. வள்ளுவர் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். வெகுளி அங்கே கோபம். இன்றோ, கோபமே வராத, சூதுவாது தெரியாத மனிதனுக்கு வெகுளி என்று பெயர்.

பெண்கள் பங்குக்கு வருவோம். அவர்களுக்கு இந்தச் சொற்கள் பிறவியிலேயே சீதனமாகக் கிடைத்தன. பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்த நூலோர், ஐந்து முதல் ஏழு வயதுவரை உள்ள சிறுமிக்குப் பேதை என்று பெயர் வைத்தனர். சற்று வளர்ந்த பிறகு மடந்தை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்குரிய குணங்களை அடுக்கும்போதும் மடம் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்த மடம் அறியாமை அல்ல, அறிந்தும் அறியாததுபோல் இருத்தல் என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. சமாதானம் எப்படியாயினும் விளைவு ஒன்றே. பேதை என்று பெயரிட்ட பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவானேன்? 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 84 சதவீதம். தமிழ்நாட்டின் சராசரியான 80ஐவிட அதிகம்தான். ஆனால் அதையே பிரித்துப் பார்த்தால் ஆண்களில் ஏறக்குறைய 90, பெண்களில் 78. இந்த வித்தியாசத்தில் பேதை என்ற சொல்லுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் செய்யும்.

பத்திரிகைகளும் இந்த விஷயத்தில் சுத்தமல்ல. பாமர மக்கள், பாமர மக்கள் என்று எழுதி எழுதிப் பத்திரிகைகளின் பேனாவே தேய்ந்திருக்கிறது.

கீறல் மனிதனான கதை

இத்தனை சொற்களிலும் பழமையும் அழுத்தமும் உடையது தற்குறி. இன்று அது ஒரு சாட்டையடி. "சரியான தற்குறி" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அது வசவாகவே இல்லை. தன் குறி, தற்குறி, அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர் ஒரு பத்திரத்தில் தம் சம்மதத்துக்கு அடையாளமாகத் தம் கையால் இடும் கீறலுக்கு அது பெயர்.

கல்வெட்டுத் தமிழில் இதை ஒட்டி ஓர் அருமையான தொடர் உண்டு: 'தற்குறி மாட்டெறிதல்'. எழுதத் தெரியாதவர் இட்ட கீறலுக்குப் பக்கத்தில், எழுதத் தெரிந்த ஒருவர், இது இன்னாருடைய குறிதான் என்று சாட்சி எழுதிக் கையெழுத்திடுவதற்கு அந்தப் பெயர். எழுத்தறியாதவர் நிலத்துக்கு உடையவராக இருக்கலாம். நிலத்தைக் கொடுக்கலாம், கொள்ளலாம். அவர் கீறல் செல்லும். எழுத்தறிந்தவருடைய பொறுப்பு, அருகில் நின்று அதற்கு உறுதி சொல்வது. ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடு அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது.

நாளடைவில் சாட்சிக்காரர் நகர்ந்துவிட்டார். கீறலுக்கு இருந்த பெயர் கீறினவனுக்கு வந்து சேர்ந்தது. கிணறு போய்த் தவளை மட்டும் நின்றது போலவே.

கைநாட்டுக்கும் இதே கதிதான். அதிலே இன்னொரு விசித்திரம். 1858ஆம் ஆண்டு வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை கொண்டுவந்து கொட்டும் ஒப்பந்தம் ஒன்றை ராஜ்யதர் கோனாய் என்பவருடன் செய்துகொண்டார். பின்னால் பேச்சு மாறாமல் இருக்க வேண்டும் என்று, கோனாயின் உள்ளங்கையில் மையைத் தடவி ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். கைரேகையை அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருப்பதற்கு அது ஒரு முதல் படி. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு நிலையம் ஏற்பட்டதெல்லாம் அதற்குப் பின்னால். ஆனால் அந்தக் கோனாய் எழுதத் தெரியாதவர் அல்லர். அந்த ஒப்பந்தத்தைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தவர் அவர்! எழுதத் தெரிந்தவரின் கையெழுத்தை நம்பாமல் கையை நம்பினார் துரை. கைநாட்டு என்றால் எழுத்தறியாதவன் என்ற முடிவு அப்போதே அடிபட்டுப் போயிற்று.

இன்றைக்கு எம்.ஏ. படித்தவரும் ரேஷன் கடையில் விரலை வைத்துத்தான் அரிசி வாங்குகிறார். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை வாசல்களிலும் இஞ்சினீயர் முதற்கொண்டு கண்ணாடித் துண்டின்மேல் விரலை அழுத்திவிட்டு உள்ளே போவதைப் பார்க்கலாம். யாரும் அவரைக் கைநாட்டு என்று சொல்வதில்லை.

யாருக்குத் தெரியவில்லை?

கையை நாட்டியதால் வாழ்வே நாசமான கதைகள் இதே மாவட்டத்தில் உண்டு. ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக இருந்து, அதிகாரிகளால் மீட்கப்பட்டிருக்கின்றன. ஒரு முறை அல்ல, பல முறை. 2011இல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து மீட்கப்பட்டவர்கள் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள். ஐந்நூறு பேருக்கு மேல்.

அடிமைப்படுத்த அங்கே சங்கிலி வேண்டியதில்லை. முன்பணம் போதும். கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து ஒரு தாளில் ரேகை வாங்கிக்கொள்வார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மழையில் கரைந்த கல் கணக்கில் சேராது. கணக்கு எழுதும் நோட்டு முதலாளியின் மேஜையில் இருக்கும். வருஷ முடிவில் பார்த்தால் கடன் அப்படியே இருக்கும், அல்லது கொஞ்சம் வளர்ந்திருக்கும். சூளையை விட்டுப் போகலாமா என்று கேட்டால், கடனை வைத்துவிட்டுப் போ என்பார்கள்.

இப்படி அகப்பட்டவரைப் பார்த்து, "விவரம் தெரியாதவன், ஏமாந்துவிட்டான்" என்று சொல்வது சுலபம். அவருக்கு என்ன விவரம் தெரியவில்லை? கொத்தடிமை முறை 1975 அக்டோபரிலேயே அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது; 1976இல் பார்லிமெண்டு அதை நிலையான சட்டமாக்கியது. அத்தகைய கடன் அந்த நிமிஷமே ரத்து. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பாரம் கடன் கொடுத்தவர்மேல். அதாவது, தெரியாதவர் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. இதில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தவர் சூளைக்காரர். தெரிவிக்க வேண்டியிருந்தது சர்க்கார். இரண்டும் நடக்கவில்லை. தற்குறி என்ற பட்டம் மட்டும் இருளருக்கு.

அந்த இருளருக்கு ஒன்றுமே தெரியாதா? செங்கற்பட்டுப் பக்கத்து வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருந்துவருகிறது. விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்கு வேண்டிய பாம்பு விஷத்தைச் சேகரிப்பது அதன் தொழில். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துச் சதுப்புக் காடுகளில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்தபோது, 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அங்கே வரவழைத்தார்கள். துப்பாக்கியும் மோப்ப நாய்களும் வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு நடுவில், இவர்கள் புல்லின் சாய்வையும் மண்ணின் தடத்தையும் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. 2023இல் இந்திய சர்க்கார் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. புளோரிடாச் சதுப்பில் அன்றைக்கு விவரம் தெரியாமல் நின்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சூளையிலிருந்து மீண்டவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு, மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் சில 'சிறகு' என்ற பெயரில் தாங்களே செங்கல் அறுத்து விற்க ஆரம்பித்தன. அதே மண், அதே அச்சு, அதே கைகள். கணக்கு நோட்டு மட்டும் இடம் மாறியது.

மூக்குக்கு வந்த பிறகு

சூளையிலிருந்து தொழிற்சாலைக்கு வந்தால் விஷயம் இன்னும் விபரீதமாகிறது. அங்கே தெரியாமல் போனால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகும்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது சுற்றிலும் இருந்த குடிசைவாசிகள் கண்ணெரிச்சலோடு எழுந்து கால் போன திசையில் ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்க விஷம் உள்ளே போகும். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வார்த்தை அவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கும் என்று பிற்பாடு விஷயம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தை அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வேலிக்கு அந்தப் புறம் என்ன காய்ச்சுகிறார்கள் என்பதே சொல்லப்படவில்லை.

அந்தத் துயரத்தின் பலனாக, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை 1987இல் திருத்தினார்கள். அதில் புதிதாகப் புகுந்த 41-பி என்ற பிரிவைப் படித்துப் பார்த்தால், ஒரு பெரிய மாற்றம் புலப்படும். ஆபத்தான தொழில் நடத்துகிறவர், அதிலுள்ள அபாயங்கள் அனைத்தையும், அவற்றிலிருந்து தப்பும் வழிகளையும், தொழிலாளர்களுக்கும், ஸ்தல ஸ்தாபனத்துக்கும், சுற்றுப்புறத்துப் பொதுமக்களுக்கும் தாமாகவே வெளியிட்டுச் சொல்ல வேண்டும் என்றது அந்தப் பிரிவு. கேட்டால் சொல்ல வேண்டும் என்பதல்ல. கேளாமலே சொல்ல வேண்டும். 111-ஏ என்ற இன்னொரு பிரிவு, தம் உடல்நலத்தைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது.

இங்கே தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் துணைக்கு அழைக்கலாம். அறி என்ற வினையிலிருந்து அறியாமை வருகிறது, தான் அறியாதிருத்தல். அறிவி என்ற வினையிலிருந்து அதே முறையில் அறிவியாமை என்று ஒரு சொல் வரும், பிறருக்கு அறிவிக்காதிருத்தல். நடுவில் ஓரெழுத்துத்தான் அதிகம். முன்னது குழந்தைக்கும் தெரிந்த சொல். பின்னதை யாரும் வழங்கக் கேட்பதில்லை. வசவுகளில் ஐம்பது அறுபது அறியாதவனைத் தேடிப் போகின்றன. அறிவிக்காதவனைத் தேடிப் போக ஒன்றுகூட உருப்படியாக இல்லை!

எழுதி ஒட்டிவிட்டால் அறிவித்ததாக ஆகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. நோட்டீஸ்கள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்த நாளில் அது போதும். ஓர் ஊர் ஆலையில் அந்த ஊர்க்காரர்கள்தான் வேலை செய்தார்கள். கும்மிடிப்பூண்டிக்கு இந்தக் கணக்குச் சரிப்படாது. ஓர் ஆலையில் தமிழர் நாற்பது பேர், ஒடிசாக்காரர் முப்பத்தைந்து பேர், பீகாரிகள் இருபத்தைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். இவர்களில் பெரும்பாலோர் யார்? தமிழில் எழுதினால் அறுபது பேர் குருடர். ஒடியாவில் எழுதினால் அறுபத்தைந்து பேர் குருடர். தம் ஊரில் பத்தாவது படித்துப் பாஸ் செய்தவர்கூட இங்கே அந்தப் பலகைக்கு முன்னால் தற்குறிதான். ஜனத்தொகைக் கணக்கில் அவர் எழுத்தறிந்தவர். ஏதேனும் ஒரு மொழியில் பொருள் தெரிந்து எழுதப் படிக்க முடிந்தால் போதும் என்பது அவர்கள் விதி. அமில டாங்கிக்கு அந்த விதி தெரியாது.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. கும்மிடிப்பூண்டியில் ஏறினால் அதே ரயில் பாதையில் சென்னைக்குப் போகும் வழியில் எண்ணூர் வரும். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, அங்கே உரத் தொழிற்சாலை ஒன்றுக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகளில் மூச்சுத் திணறலோடு விழித்தவர்கள் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தனர். சுமார் ஐம்பது பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஆகவே நனைத்த துணி ஒன்று மூக்கை மூடியிருந்தால் ஓரளவு தடுக்கும். காற்று அடிக்கும் திசைக்கு எதிராகவும் அல்ல, அதன் போக்கிலும் அல்ல, குறுக்காக விலகிப் போக வேண்டும். குளோரினாக இருந்தால் அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும், மேட்டுக்கோ மாடிக்கோ ஏற வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் போதும். இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், எழுத்து வேண்டாம். எழுத்தே வயிற்றில் இல்லாத நிரட்சரகுட்சிக்கும் விளங்கும். யாராவது வந்து, அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். அவ்வளவே. பி.ஏ. படித்தவர்களைத் திடீரென்று கேட்டுப் பாருங்கள். குளோரினுக்கு மேலே ஏறுவதா கீழே இறங்குவதா என்பதில் அவர்களும் தற்குறிகளே.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கல்லாமைக்கு அடுத்தபடியாகக் கேள்வி என்ற அதிகாரத்தை வைத்தார். கேள்வி என்றால் அங்கே வினா அல்ல. பெரியோர் சொல்லக் கேட்டு அறிதல். கல்லாதவனுக்குக் கதவைச் சாத்திவிடவில்லை அவர். படிக்காவிட்டாலும் காதால் கேட்டுக்கொள், தளர்ந்தபோது அது கைகொடுக்கும் என்ற வழியைக் காட்டினார். ஆனால் கேட்பதற்கு ஒருவன் இருந்தால் சொல்வதற்கும் ஒருவன் இருக்க வேண்டுமே! பேதைமைக்கு அடுத்து அவர் வைத்த இன்னோர் அதிகாரம் புல்லறிவாண்மை. கொஞ்சம் தெரிந்துகொண்டு எல்லாம் தெரியும் என்று இருப்பவனுக்கானது அது. தொழிற்பேட்டை ஆபீஸ் அறைகளில் பேதையைவிட இவனால்தான் அதிக ஆபத்து.

எழுதித் தர ஓர் ஆள்

தகவலைக் கேட்டுப் பெறுவதை உரிமை என்று முதலில் சட்டமாக்கிய ராஜ்யம் தமிழ்நாடுதான், 1997இல். 2005ஆம் ஆண்டு இந்தியா முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. எழுதக்கூடியவர்களுக்கு மட்டும் அது பயன்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் ஆறாவது பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. எழுத்தில் கேட்க முடியாத ஒருவர் வாயால் கேட்டால், அதை எழுத்தில் கொண்டுவர வேண்டிய உதவியைத் தகவல் அதிகாரியே செய்து தர வேண்டும். கல்வெட்டுக் காலத்துச் சாட்சிக்காரர், தற்குறிக்கு மாட்டெறிந்தவர், பல நூற்றாண்டுகள் கழித்துச் சட்டப் புத்தகத்தில் மறுபடி தலைகாட்டுகிறார். அந்த வாசகம் எத்தனை ஆபீசுகளில் நடைமுறையில் இருக்கிறது என்று ஓர் ஏழை போய்க் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதுவரையில் மனு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று திருவள்ளூர்க் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால், மரத்தடியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் எழுதுவதைக் காணலாம். எதிரே ஓர் அம்மாள் குந்தியிருப்பாள். எழுதியவர் படித்துக் காட்டுவார். அவள் பாதியில் கையைக் காட்டி நிறுத்துவாள்.

"குடிசைன்னு எழுதாதீங்கண்ணே. வீட்டுமனைன்னு போடுங்க. போன வாட்டி குடிசைன்னு எழுதினதாலதான் மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. சர்வே நம்பரும் தப்பா இருக்கு. அது தெருவுக்கு அந்தாண்டை இருக்கிற இடத்து நம்பரு."

அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதுவார். பிறகு மைப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் நகர்த்துவார். அவள் இடது பெருவிரலை ஒற்றி எடுத்ததும், பக்கத்தில் அவள் பெயரை எழுதி, அவளுடைய ரேகை என்று குறித்து, கீழே தம் கையெழுத்தைப் போடுவார்.